பொட்டு வைத்த டார்ச் லைட்

எங்கள் நாடகக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். திரைக்குப் பின்னால் நாங்கள் பிடிக்கும் டார்ச் லைட்டின் கண்ணாடியில், சரியாக நடுவில், ஏன் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது? ஆயுத பூஜைக்கு ஒட்டியதை எடுக்க மறந்துவிட்டேன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போன மாதம் சேர்ந்த ஒரு மெதடிஸ்ட் சபைக்காரர் டார்ச்சைக் கையில் வாங்கத் தயங்கி, “அக்கா, இத நான் புடிக்கலாமா?” என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார். “தாராளமா புடிங்க. ஆனா அந்தப் பொட்ட மட்டும் யாராச்சும் சுரண்டுனீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் மேடை ஏறி ஒரு வரி பேசியவள் இல்லை. அந்த ஆசையும் எனக்கு வந்ததில்லை. வார நாட்களில் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்க்கும் வேலை. சனி, ஞாயிறு என்றால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ். அங்கே ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒத்திகைக் கூடம். கீழே கடைக்காரர் போட்டுவிட்ட குத்துப்பாட்டு, பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் ரசம் தாளிக்கிற வாசனை, தெருவில் கார்களின் ஹாரன். இத்தனைக்கும் நடுவில் நடிகர்கள் சோக வசனம் பேசி அழ வேண்டும். அழுதார்கள். நான் ஓரத்தில் நின்று, யார் எந்தப் பக்கம் வெளியே போக வேண்டும், நாற்காலியை யார் தூக்க வேண்டும் என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் ‘சார்ஜன்ட்’ என்று அழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நாடகத்தில் ஒரு காட்சி முடிந்ததும் எல்லா விளக்குகளும் அணையும். பார்க்க வந்தவர்களுக்கு அது இருமிக்கொள்ளவும் பக்கத்து ஆளிடம் பேசவும் கிடைக்கிற இடைவெளி. எங்களுக்கு அதுதான் உயிர் போகிற நேரம். பளீரென்ற வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்த நடிகருக்குத் திடீரென்று கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். படியில் தடுக்காமல், தூணில் முட்டாமல் அவரை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் டார்ச். பக்கத்துத் திரைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தரையில் அவர் காலுக்கு ஓரடி முன்னால் ஒளியைப் போட்டு, அவர் நடக்க நடக்க அதை நகர்த்த வேண்டும். முகத்தில் அடிக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, பார்வையாளர் பக்கம் ஒளி சிந்தக் கூடாது. இதற்கு எங்களிடம் ‘வட்டம் போடுறது’ என்று பெயர். “இன்னிக்கு யாரு வட்டம் போடுறா?” என்று கேட்டுவிட்டுத்தான் நடிகர்கள் மேடைக்குப் போவார்கள். நான் என்று தெரிந்தால் நிம்மதியாகப் போவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைப்பானேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் இருந்தவை தகர உடம்புள்ள பழைய டார்ச்சுகள். இரண்டு தடித்த பேட்டரி போட வேண்டும். பைக்குள் சுவிட்ச் அழுந்தி வீணாக எரிந்து தீரக் கூடாதென்று, வேலை முடிந்ததும் ஒரு பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வைப்போம். வெளிச்சத்தை அடக்க, கண்ணாடிக்கு மேல் நீலக் கண்ணாடித் தாள் கட்டுவோம். சீர்வரிசைத் தட்டுகளைச் சுற்றுவதற்கு பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விற்கிற அதே தாள். நீலம் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும், பார்வையாளருக்குத் தெரியாது என்பது எங்கள் குழுவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த டார்ச்சுகளின் வெளிச்சமே சோகை பிடித்தது. தரையில் விழும்போது நடுவில் ஓர் இருட்டுக் குழி இருக்கும். அதைச் சுற்றித்தான் ஒளி வளையமாக நிற்கும். வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேண்டாத இடத்திலெல்லாம் வெளிச்சம் அடிக்கிறதே என்று அந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் குழுவின் மூத்த நடிகையை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கேரி தீவில் பிறந்தவர், கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தவர், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி நடத்தியவர். மேடையில் அவர் வாயைத் திறந்தால் கடைசி வரிசைக்கு மைக் வேண்டாம். மேடைக்கு வெளியே கையில் எப்போதும் ஒரு பொட்டலம் கச்சாங், அதாவது வறுத்த கடலை, இருக்கும், கொறித்துக்கொண்டே இருப்பார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. டாக்டர் கூடாது என்று சொன்ன ஜிலேபியை, “டாக்டருக்குத்தானே தெரியக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். என்னை அவர் அளவுக்குக் கேலி செய்தவர் வேறு யாரும் இல்லை. “இவ வட்டம் போட்டா நான் கடல் மேலயும் நடப்பேன். வாயத் தொறந்தான்னா கரையிலயே முழுகிடுவேன்” என்பார். அவரைத் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஒரு தடவை கிள்ளானில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, சரியாக இருட்டான சமயத்தில் என் டார்ச்சின் பல்பு போய்விட்டது. போலீஸ்காரர் வேஷம் போட்டவர் நேராகப் போய்த் தூணைக் கைது செய்தார். நெற்றி வீங்கிவிட்டது. மறுநாள் அந்த பல்பை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு சீனர் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இது பழசு, இனிமேல் வராது என்று மலாயில் சொல்லிவிட்டு, அதே அளவில் ஓர் எல்.இ.டி. பல்பை எடுத்து வைத்தார். பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினால் போதும், டார்ச்சை மாற்ற வேண்டியதில்லை, பேட்டரியும் சீக்கிரம் தீராது என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக் கூடத்து மேசையில் செய்தித்தாளை விரித்து எல்லா டார்ச்சுகளையும் பிரித்துப் போட்டேன். பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். பழைய பல்புகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துத் திருகினேன். முதல் டார்ச் எரியவே இல்லை. கடைக்காரரை நான் வாய்க்கு வந்தபடி திட்டி முடித்த பிறகுதான், வழக்கப்படி ஒரு பேட்டரி தலைகீழாகக் கிடப்பது ஞாபகத்துக்கு வந்தது. அதைத் திருப்பிப் போட்டு, சன்னல்களை மூடச் சொல்லி, சுவிட்சைத் தட்டினேன். தரையில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். வளையமும் இல்லை, குழியும் இல்லை, ஒரே சீராக எங்கும் பரவியிருந்தது. “குழி போச்சு லா!” என்று யாரோ கத்த, எல்லாரும் கை தட்டினார்கள். நானும் என்னவோ மின்சாரத்தையே கண்டுபிடித்தவள் மாதிரி தலையைச் சாய்த்து வணங்கினேன்.

அக்கா மட்டும் கச்சாங் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். “நல்லாருக்கு மா” என்றார். வழக்கமான கேலி அதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் முழு ஒத்திகை. சோகக் காட்சி முடிந்து விளக்கு அணைந்தது. புது பல்பு போட்டு நீலத் தாள் கட்டிய என் டார்ச்சைத் தட்டினேன். மேடை முழுக்க நீலம். நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த இருவர், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கதாநாயகி, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வில்லன், எல்லாரும் திருவிழாக் கூட்டத்தில் நிற்பதுபோல் பளிச்சென்று தெரிந்தார்கள். கூடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், “என்ன லா இது, பேய்ப் படமா?” என்று கத்தினார். இன்னொரு மடிப்பு நீலத் தாள் கட்டினேன். இன்னும் நல்ல நீலமாக வந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. பழைய பல்பின் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம், நீலம் கொஞ்சம்தான். நீலத் தாள் மற்றதையெல்லாம் தின்றுவிட்டு அந்தக் கொஞ்சத்தை மட்டும் வெளியே விட்டது. எல்.இ.டி.யின் வெள்ளையில் நீலம் கொட்டிக் கிடக்கிறது. அது நீலத் தாள் வழியாகத் தன் வீட்டு வாசல் மாதிரி சர்வசாதாரணமாக வெளியே வருகிறது. நாங்கள் இத்தனை வருஷமாக நீலத்தின் மகிமை என்று நினைத்தது பழைய பல்பின் ஏழ்மை. மறுநாள் மஞ்சள் தாள் வாங்கப் போனேன். “என்னாக்கா, வீட்ல கல்யாணமா?” என்று கடைப் பெண் கேட்டாள். இரண்டு மடிப்பு மஞ்சள் தாள் கட்டியதும் ஒளி அடங்கியது. அண்ணனும் அடங்கினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது நாங்கள் எடுத்திருந்த நாடகம் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் ஒரு தாயின் கதை. அந்தத் தாய் அக்கா. வீட்டுக்காக மேடையில் ஓர் உயரமான பலகைத் தளம், அதிலிருந்து இறங்க மூன்று படி. கடைசிக் காட்சிக்கு முன்னால் விளக்கெல்லாம் அணையும். அந்த இருட்டில் அக்கா வீட்டுக்குள்ளிருந்து படியிறங்கி, மேடையின் முன்பக்கம் வந்து நிற்க வேண்டும். வெளிச்சம் திரும்பி வரும்போது அவர் வெளியே, அவருக்குப் பின்னால் வெற்று வீடு. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நாடகமே அந்த நடையில்தான் முடிகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அழுகை அழுதிருக்கிறேன், இதுதான் எனக்கென்று வந்த வேஷம் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது பல்பு வந்த பிறகு அந்த நடை வரவில்லை. முதல் தடவை வெளிச்சம் வந்தபோது அக்கா இன்னும் மேல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது தடவை கையால் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வட்டத்தை எவ்வளவு நிதானமாகப் போட்டும், அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்கடுத்த ஒத்திகையில் படியைத் தவறவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பிசகிவிட்டது. அண்ணன் ஓடி வந்து தைலம் தேய்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

“அக்கா, ஒண்ணும் நெனைக்காதீங்க. கடைசி சீன்ல நீங்க வீட்டுக்குள்ளயே நாற்காலில உக்காந்துக்குங்க. லைட் வந்ததும் ஒரு பார்வை பார்த்தா போதும். வயசாவுது இல்ல, ஏன் ரிஸ்க்?” என்றார்.

“சரி தம்பி” என்றார் அக்கா. அவ்வளவுதான். தன் வசனத்தில் ஒரு சொல்லை வெட்டினாலும் ஊரைக் கூட்டுகிறவர், நாடகத்தின் உயிரையே வெட்டியதற்குச் சரி தம்பி என்கிறார்.

அக்கா தன் காரை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெடரல் ஹைவே ஜாமில் ஓட்டப் பொறுமை இல்லை என்று காரணம் சொல்லியிருந்தார். அதனால் ஒத்திகை முடிந்ததும் நான்தான் அவரைக் கிள்ளானில் கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கும் ஜாம்தான். வண்டி நகரவில்லை, என் வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் சரி என்றீர்கள், வாய் இல்லையா உங்களுக்கு, நான் அவ்வளவு பாடுபட்டு வட்டம் போடுகிறேன், நீங்கள் அதைப் பார்த்து நடந்தால் என்ன என்று பொரிந்து தள்ளினேன். அக்கா சன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

“அந்தப் பழைய டார்ச்சுல நடுவுல ஒரு குழி இருந்துச்சு இல்ல?” என்றார்.

“ஆமா. அதத்தான் சரி பண்ணிட்டேனே.”

“அந்தக் குழியிலதான் டி நான் கால வெப்பேன்.”

எனக்குப் புரியவில்லை.

“வெறும் வெளிச்சம் போட்டா எனக்கு ஒரே பூச்சா பரவுது. அது தரையா, படியா, படி முடிஞ்சிட்டா, ஒண்ணும் தெரியல. வளையம்னா தெரியும். சுத்தி வெளிச்சம், நடுவுல இருட்டு. அந்த இருட்டுல கால வெச்சா கீழ பலகை இருக்கும். நீ ஓரத்துல போட மாட்ட, அது எனக்குத் தெரியும். சரியா என் கால் அளவு குழி டி அது. அத ஏன் அடைச்ச?”

இனிப்புநீர் கண்ணுக்குப் போய்விட்டிருந்தது. மருத்துவமனையில் லேசர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்குக்கூட முழு விவரம் தெரியாது. காரை விற்றது ஜாமுக்காக அல்ல. குழுவில் தெரிந்தால் அன்றைக்கே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள், அப்புறம் பாட்டி வேஷம், அப்புறம் புகைப்படத்தில் மாலை போட்டுக்கொண்டு தொங்குகிற வேஷம் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர் என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம்தான் அதிகம்.

“யார்கிட்டயும் சொல்லாத. நாற்காலிதான் கொடுத்துட்டாங்களே, விடு” என்றார் இறங்கும்போது.

விடுகிற ஆளா நான்? கழற்றிய பழைய பல்புகளைத் தேடினேன். பழைய பேப்பர் லோரி வந்தபோது மற்ற குப்பையோடு போட்டாயிற்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில், இதைக் கேட்டு யாரும் வந்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லி எனக்கு உட்கார ஸ்டூல் கொடுத்தார்கள், பல்பு கொடுக்கவில்லை. இணையத்தில் சொன்னால் வருவதற்குள் நாடகமே முடிந்துவிடும். அப்புறம்தான் தோன்றியது, குழி பல்பில் இருந்தே வர வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஒத்திகை இல்லாத ஒரு நாள் மாலை, கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டு அக்காவை மட்டும் அழைத்துப் போனேன். முதலில் மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் கறுப்பாகப் பூசினேன். ஒளி அதையும் ஊடுருவிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை வெட்டி நடுவில் ஒட்டினேன். தரையில் குழி வந்தது, ஆனால் சதுரமாக. கத்தரிக்கோலால் அதை வட்டமாக்கப் பார்த்து, விரலெல்லாம் பசையாகி, டேப் சுருண்டு, நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

“இரு” என்றார் அக்கா. நெற்றியில் கை வைத்து, தன் பொட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். மெரூன் நிறத்தில், வெல்வெட்டில், நல்ல பெரிய பொட்டு. “இந்தா, இத வெச்சுப் பாரு. இது வட்டமாத்தானே இருக்கு.”

ஒட்டினேன். குந்தி உட்கார்ந்து தரையில் அடித்தேன். குழி இப்போது சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக இருந்தது. அக்காவின் இரண்டு காலும் அதற்குள் காணாமல் போயின. “இது யானைக்குப் போட்ட வட்டம்” என்றார். என் நெற்றியில் இருந்தது சின்னப் பொட்டு, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அட்டை அட்டையாக வாங்குவது. அதை எடுத்து ஒட்டினேன். மஞ்சள் தாளைக் கட்டினேன். சுவிட்சைத் தட்டினேன்.

தரையில் மஞ்சள் வளையம். நடுவில் ஒரு பாதம் கொள்ளும் அளவுக்கு இருட்டு. பழைய குழியை விடவும் ஓரம் சுத்தமாக இருந்தது. அக்கா கால் விரல்களை மட்டும் மெல்ல நீட்டி, வளையத்தைத் தொடாமல், நடுவில் வைத்தார். நான் வட்டத்தை நகர்த்தினேன். அடுத்த காலை வைத்தார். அந்தக் கூடத்தை இரண்டு சுற்று சுற்றினோம், பொட்டில்லாத இரண்டு பெண்கள். அப்புறம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேடையில் அவர் அழுது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது வேறு. சத்தமே இல்லை.

அண்ணனிடம் கண் விஷயத்தைச் சொல்லவில்லை. டார்ச்சில்தான் கோளாறு, இப்போது சரிசெய்துவிட்டேன், அக்காவை ஒரு தடவை நடக்க விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாமி காரியமா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒத்திகையில் அக்கா நடந்தார். ஆனாலும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. கிள்ளானில் நாடகம் அரங்கேறிய அன்று, பக்கத்துத் திரைக்குப் பின்னால் அந்த நாற்காலியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். நடுவில் அக்காவுக்குப் பயம் வந்தால் தூக்கிப் போய் வைத்துவிடலாமாம்.

விளக்கு அணைந்தது. நான் குந்தி உட்கார்ந்து முதல் வட்டத்தை மேல் படியில் போட்டேன். இருட்டுக்குள்ளிருந்து புடவைக் கரை வந்தது, அதற்குக் கீழே பாதம் வந்தது, வளையத்துக்கு நடுவில் இறங்கியது. அடுத்த படி. அதற்கடுத்தது. தரைக்கு வந்ததும் நான் வட்டத்தை மேடையின் முன்பக்கம்வரை நகர்த்திக்கொண்டு போனேன். அக்கா ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. நான் டார்ச்சை அணைக்கவும் மேடை வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. அக்கா முன்னால் நின்றார், வீடு பின்னால் நின்றது. அரங்கத்தில் ஒருவரும் இருமவில்லை. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அக்கா சில வருஷம் நடித்தார். எல்லா டார்ச்சுக்கும் பொட்டு வந்தது. பசை காய்ந்து விழுந்தால், ஒப்பனை அறைக் கண்ணாடியில் யாராவது ஒட்டிவிட்டுப் போனதை எடுத்து ஒட்டிக்கொள்வோம். மற்ற நடிகர்களும் வளையத்துக்குள் கால் வைக்கப் பழகிவிட்டார்கள், இப்போது வெறும் வெளிச்சம் போட்டால் அவர்களுக்கே நடை தடுமாறுகிறது. தொற்றுநோய்க் காலத்தில் அரங்கங்கள் மூடிக் கிடந்தன. திறந்தபோது அக்கா வரவில்லை. கண்ணில் மிச்சமிருந்த பார்வையும் அந்த இடைவெளியில் போய்விட்டிருந்தது. நான் கிள்ளானுக்குப் போய்ப் பார்ப்பேன். கச்சாங் வாங்கிக்கொண்டு போவேன். அந்த பெடரல் ஹைவே ஜாமில் இப்போது நான் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய கேலிக்கு எவ்வளவு ஏங்குகிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதையும் கேலி செய்வார்.

இந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் புது நாடகம். அக்காவை அவருடைய மகன் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். நாடகம் முடிந்து, அரங்கத்து விளக்கெல்லாம் போட்ட பிறகு, அண்ணன் மைக்கைப் பிடித்து அக்காவை மேடைக்கு அழைத்தார். பக்கவாட்டில் மூன்று படி. நாலு பேர் ஓடிப் போய் அக்காவின் கையைப் பிடித்தார்கள், ஒருவர் இடுப்பையே பிடித்தார்.

“விடுங்க லா. நான் என்ன அரிசி மூட்டையா?” என்று உதறினார் அக்கா. “எங்க அந்த சார்ஜன்ட்?”

நான் திரைக்குப் பின்னாலிருந்து வந்து மேல் படியில் நின்றேன். கையில் டார்ச் இருந்தது.

“இங்கதான் இருக்கேன்க்கா.”

“வட்டம் போட்டியா?”

அரங்கம் முழுக்க வெளிச்சம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அக்காவின் கண்கள் எனக்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் குந்தி உட்கார்ந்து டார்ச்சைத் தட்டினேன். அவ்வளவு வெளிச்சத்தில் வளையம் தெரிந்தும் தெரியாமலும் படியில் கிடந்தது.

“போட்டுட்டேன்க்கா. வாங்க.”

அக்கா காலைத் தூக்கினார். மகன் பின்னால் இரண்டு கையையும் ஏந்தியபடி, அவரைத் தொடாமல், வந்தார். முன்பெல்லாம் நான் வட்டம் போடுவேன், அக்காவின் கால் அதைத் தேடி வரும். அன்றைக்கு அந்தக் கால் எங்கே வருகிறது என்று பார்த்து, அது இறங்குவதற்குள் நான் வட்டத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். மூன்று படியிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் பாதம் சரியாக நடுவில் விழுந்தது.

மேலே வந்ததும் அக்கா குனிந்து என் தலையைத் தடவிக் கண்டுபிடித்தார்.

“குழி சரியா இருக்கு டி” என்றார்.

“ஆமாக்கா” என்றேன். “சரியா இருக்கு.”